நெட் நின்றால் யாரைக் கேட்பது? இணையத் தடை பற்றி நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் கணினி மையங்களிலும் கல்லூரி வாசல்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். நான் கணினி சொல்லிக்கொடுப்பவன், வக்கீல் இல்லை. சட்டம் வரும் இடங்களில் சட்டப் புத்தகத்திலும் தீர்ப்பிலும் இருப்பதைச் சொல்கிறேன். அபிப்பிராயம் வரும் இடங்களில் அது என்னுடையது என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே நெட் வராதது தினப்படி நடப்பு. அரசு நிறுத்தியதா, டவர் போனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பல சமயம் கண்டுபிடிக்கவே முடியாது. மலையில் இருப்பவர்களுக்கு முதல் சிக்கல் அதுதான். சென்னையில் ஒரு மணி நேரம் நெட் நின்றால் டி.வி.யில் செய்தி ஓடும். மஞ்சூரில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் மரம் விழுந்து கேபிள் அறுந்திருக்கும், கரண்ட் இல்லாமல் டவர் பேட்டரி இறங்கியிருக்கும் என்று நாமே காரணம் சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்தப் பழக்கம் தடை போடுபவர்களுக்கு ரொம்ப வசதி.

சில அடையாளங்கள் உண்டு. ஒரு நிறுவனத்தின் சிம்மில் மட்டும் நெட் இல்லையென்றால் பெரும்பாலும் கோளாறு. எல்லா நிறுவனத்திலும் ஒரே நேரத்தில் மொபைல் டேட்டா நின்று, போன் பேச மட்டும் முடிகிறது என்றால் உத்தரவு வந்திருக்க வாய்ப்பு அதிகம். மற்ற தளங்களெல்லாம் திறந்து ஒரே ஒரு தளம் மட்டும் திறக்காமல், அதுவே துபாயில் இருக்கும் மச்சானுக்குத் திறந்தால், அது இந்தியாவுக்குள் தடுக்கப்பட்டிருக்கலாம். சில சமயம் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்று திரையில் ஒரு வரி வரும். பல சமயம் அதுகூட வராது. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று நிற்கும்.

தடை கோளாறு மாதிரியே வந்தால் யாரையும் போய்க் கேட்க முடியாது. அதனால்தான் இந்தப் பக்கம் முழுக்க நான் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறேன்: உத்தரவு எங்கே, அதில் கையெழுத்துப் போட்டது யார்?

அரசிடம் பெரிய சுவிட்ச் ஏதாவது இருக்கிறதா?

இல்லை. அரசிடம் இருப்பது உரிமம். ஜியோவோ ஏர்டெல்லோ வோடஃபோனோ, அலைவரிசையும் அரசு கொடுத்தது, தொழில் நடத்தும் உரிமமும் அரசு கொடுத்தது. உள்துறையிலிருந்து உத்தரவு வந்தால், நிறுவனத்தில் அதற்கென்று இருக்கும் அதிகாரி வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட மாவட்டத்து டவர்களில் டேட்டாவை மட்டும் அணைக்கச் சொல்வார். தடையை உண்மையில் போடுவது தனியார் நிறுவனத்தின் பொறியாளர்.

எகிப்து 2011 ஜனவரி கடைசியில் செய்தது இதைத்தான். அங்கே பெரிய நிறுவனங்கள் சிலதான். அரசு சொன்னதும் ஓர் இரவுக்குள் கிட்டத்தட்ட நாடே இணையத்திலிருந்து காணாமல் போனது. ஐந்து நாள் அப்படி இருந்தது. அதிபர் முபாரக் அடுத்த மாதமே பதவி இழந்தார்.

சீனா வேறு வழி. அங்கே நாட்டுக்குள் வரும் வாசல்களிலேயே வடிகட்டி இருக்கிறது. அதற்கும் மேலே, உள்நாட்டு நிறுவனங்கள் தங்கள் பயனர்கள் எழுதுவதைத் தாங்களே கண்காணித்து நீக்க வேண்டும், தவறினால் தண்டனை நிறுவனத்துக்கு. 2009ல் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் அங்கே தடுக்கப்பட்டன. தேடல் முடிவுகளை இனித் தணிக்கை செய்து தர மாட்டோம் என்று கூகுள் 2010ல் தன் சீனத் தேடுதளத்தை ஹாங்காங்குக்கு நகர்த்தியது.

நம் எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. உத்தரவு மாவட்டக் கோட்டைப் பார்த்துப் போடப்படுகிறது. அலைக்கு அந்தக் கோடு தெரியாது. எருமாடு, சேரம்பாடி பக்கம் போன் தானாகவே கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். வயநாட்டில் டேட்டாவை அணைத்தால் பந்தலூரில் சிலருக்கும் போகலாம், இங்கே அணைத்தால் சிலருக்கு அங்கிருந்து வரலாம்.

முழு நெட்டும் போகாமல் ஒரு தளத்தை மட்டும் எப்படித் தடுக்கிறார்கள்?

நீங்கள் ஒரு தளத்தைத் திறப்பது தபால் போடுவது மாதிரி. பெயரைச் சொல்கிறீர்கள், விலாசம் கண்டுபிடிக்கப்படுகிறது, உறை கிளம்புகிறது. தடுப்பவர் இந்த மூன்று இடத்தில் எங்கு வேண்டுமானாலும் கை வைக்கலாம்.

முதல் வழி, விலாசப் புத்தகத்தில் பொய் எழுதுவது. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டில், தடுக்கப்பட்ட பெயருக்குத் தவறான எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். செலவு குறைவு, ஏமாற்றித் தாண்டுவதும் சுலபம். இரண்டாவது, அந்த எண்ணுக்குப் போகும் எல்லா உறையையும் தூக்கிப் போடுவது. ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் காலம் இது, எனவே சம்பந்தமே இல்லாதவர்களும் சேர்ந்து சாவார்கள். 2018ல் ரஷ்யா டெலிகிராமைத் தடுக்கப் போய் அமேசான், கூகுள் எண்களை லட்சக்கணக்கில் தடுத்தது. கடைகளும் வங்கிச் சேவைகளும் தடுமாறின, டெலிகிராம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2020ல் அவர்களே தடையை விலக்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது வழிதான் இப்போது பரவலாகிறது. தளத்துக்கும் உங்களுக்கும் நடுவே போவது பூட்டிய உறையாக இருந்தாலும், மேலே தளத்தின் பெயர் மட்டும் படிக்கிற மாதிரி இருக்கும். நிறுவனத்தின் கருவி அதைப் பார்த்து இணைப்பை அறுத்துவிடும். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019ல் சோதித்துப் பார்த்தபோது ஜியோ இந்த முறையைப் பயன்படுத்துவது தெரிந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒவ்வொரு நிறுவனத்தின் தடைப் பட்டியலும் வெவ்வேறு. ஒரே சட்டம், ஒரே நாடு, ஆனால் நீங்கள் எதைப் படிக்கலாம் என்பது எந்த சிம் போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கை தவறிய கதைகள் இன்னும் இருக்கின்றன. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட வழிமாற்று, எல்லை தாண்டிக் கசிந்து, சுமார் இரண்டு மணி நேரம் உலகத்தின் பெரும்பகுதிக்கே யூடியூப் இல்லாமல் செய்தது. 2021ல் ரஷ்யா ட்விட்டரின் சுருக்க முகவரியான "டி.கோ" என்ற எழுத்துவரிசை வரும் எல்லாத் தளங்களையும் மெதுவாக்கியது. மைக்ரோசாஃப்டின் முகவரியில் கடைசி எழுத்தும் அதற்குப் பின் வரும் "காம்" என்பதன் தொடக்கமும் சேர்ந்தால் அதே வரிசை வருகிறது, பாவம், அதுவும் மாட்டியது.

நம் ஊர்க் கதையும் ஒன்று. 2012ல் ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ மாதிரியான வீடியோத் தளங்களை மொத்தமாகவே மூடிவிட்டன. குறும்படம் எடுத்துப் போட்டிருந்தவர்களுக்கெல்லாம் பட்டை நாமம். தளம் முழுவதையும் மூடச் சொல்லவில்லை, குறிப்பிட்ட பக்கங்களைத்தான் என்று அதே நீதிமன்றம் பிறகு தெளிவாக்க வேண்டியிருந்தது.

எந்தச் சட்டத்தின்படி இதெல்லாம் நடக்கிறது?

தளத்தையோ பதிவையோ தடுக்க, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 69ஏ பிரிவு. காரணங்கள் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டவை: நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களுக்குத் தூண்டுதல். தலைவரைக் கேலி செய்வது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படியாத நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு 7 ஆண்டு வரை சிறை. எந்த நிறுவனம் உங்களுக்காக அவ்வளவு தூரம் போகும்?

2009ல் வந்த விதிகளின்படி ஒரு குழு பரிசீலிக்க வேண்டும், பதிவிட்டவரை அடையாளம் காண முடிந்தால் அவருக்கும் அறிவிப்பு தர வேண்டும். அவசரம் என்றால் முதலில் தடுத்துவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவிடம் வைக்கலாம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதே விதிகளில் 16ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியம் என்கிறது. தகவல் அறியும் உரிமையில் கேட்டால் இந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். வரதட்சணைப் பழக்கத்தைக் கிண்டல் செய்து ஒருவர் நடத்திய தளம் 2018ல் தடுக்கப்பட்டது. நகைச்சுவையை நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தன் தளத்தை ஏன் தடுத்தார்கள் என்ற உத்தரவின் நகலைப் பெறவே அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2022ல்தான் கொடுக்கச் சொல்லி உத்தரவானது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழியும் ஓடுகிறது. 79ஆவது பிரிவு, பயனர்கள் எழுதுவதற்கு ஃபேஸ்புக், எக்ஸ் மாதிரியான நிறுவனங்களைப் பொறுப்பாக்காமல் காக்கிறது. அரசு சொன்னதை நீக்காவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். இதன்படி நீக்கச் சொல்லும் அறிவிப்புகள் இப்போது "சகயோக்" என்ற தளம் வழியாகப் போகின்றன. 69ஏ பிரிவின் குழுவும் பரிசீலனையும் இந்த வழியில் இல்லை என்று எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 செப்டம்பரில் அந்த மனு தள்ளுபடியானது.

நெட்டையே நிறுத்துவதற்குத் தனி விதிகள். 2017க்கு முன்பு கலெக்டர்கள் 144 தடையுத்தரவையே பயன்படுத்தினார்கள். 2017ல் தந்திச் சட்டத்தின் கீழ் விதி வந்தது. ஆமாம், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம்தான். இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 நவம்பரில் வந்த விதிகள். மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது, காரணத்தோடு வெளியிடப்பட வேண்டும், மறு ஆய்வுக் குழு பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படி நிறுத்தியிருக்கிறார்களா?

தூத்துக்குடி. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்திலும் அதைத் தொடர்ந்தும் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் ஐந்து நாளுக்கு இணையத்தை நிறுத்த உத்தரவு போட்டார்கள். வதந்தியைத் தடுக்க என்பது காரணம். ஆனால் யார் சுட்டார்கள், எங்கிருந்து சுட்டார்கள், யார் வீட்டுப் பிள்ளையைக் காணவில்லை என்று ஊரே ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டிய நாட்களும் அவைதான்.

வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் இங்கே குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ராஜஸ்தானிலும் அசாமிலும் அரசு வேலைத் தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்கக்கூட நெட்டை அணைத்திருக்கிறார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5ல் போன 4ஜி, 2021 பிப்ரவரி 5ல்தான் திரும்பியது. அக்சஸ் நவ் என்ற அமைப்பின் கணக்கில் இந்தியாவில் 2023ல் 116 முறை, 2024ல் 84 முறை இணையம் நிறுத்தப்பட்டது. 2024ல் நம்மை முந்தியது ராணுவ ஆட்சி நடக்கும் மியான்மர் மட்டும், 85.

விகடன் தளம் ஏன் திறக்காமல் போனது?

2025 பிப்ரவரியில், அமெரிக்கா இந்தியர்களை விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பியது பெரிய செய்தியாக இருந்தது. அப்போது விகடனின் இணைய இதழ், டிரம்ப் பக்கத்தில் மோடி கை கால் சங்கிலியோடு உட்கார்ந்திருக்கும் கார்ட்டூன் ஒன்றை அட்டையில் போட்டது. தமிழக பா.ஜ.க.விலிருந்து புகார் போனது. பிப்ரவரி 15 முதல் பலருக்கும் விகடன் தளம் திறக்கவில்லை. தடை பற்றி அரசிடமிருந்து அப்போது எந்த அறிவிப்பும் வரவில்லை என்று விகடன் சொன்னது.

இங்கே நான் பார்த்தது என்னவென்றால், நாலு பேர் "நம்ம நெட்தான் ஸ்லோ" என்று போனை அணைத்து அணைத்துப் போட்டார்கள். நூறாண்டு பழைய ஒரு பத்திரிகை காணாமல் போனதுகூட டவர் கோளாறாகத் தெரியும் ஊர் நம்முடையது.

சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று, அந்தக் கார்ட்டூன் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. தளம் திரும்பியதில் மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு படத்துக்காக முழு நூலகமும் கிட்டத்தட்ட மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. வழக்குப் போட வசதியில்லாத சின்னப் பத்திரிகை என்றால் எத்தனை வாரம் ஆகியிருக்கும்?

இலங்கையில் இருக்கும் சொந்தக்காரர்களோடு வாட்ஸ்அப் சில நாள் வேலை செய்யவில்லையே, அதுவும் தடையா?

டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் கோத்தகிரி, கூடலூர் பக்கமும் இருக்கும் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் கேட்பது இது. 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் இங்கே, மீதி நுவரெலியாவிலும் பதுளையிலும். பேசுவது வாட்ஸ்அப்பில், வைபரில்.

ஆமாம், தடைதான். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்தபோது ஒரு வாரம் போல. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடியும். பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டிய நேரத்தில் நம் லைன் வீட்டுக் கிழவிகளுக்கு ஐ.எஸ்.டி. கால்தான் கதி. 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிப் போராட்டத்தின்போது, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளில் மறுபடியும் சமூக ஊடகங்களை மூடினார்கள். ஜனாதிபதியின் அண்ணன் மகனும் அப்போதைய அமைச்சருமான நாமல் ராஜபக்சவே, நானே தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். போட்டுத்தான் எழுதுகிறேன், இந்தத் தடையால் பயனில்லை என்று ட்விட்டரில் போட்டார். அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். 2024ல் அங்கே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய் என்று தீர்மானித்து நீக்கச் சொல்லும் அதிகாரம் ஓர் ஆணைக்குழுவுக்கு.

வதந்தி பரவினால் உயிர் போகிறதே. நிறுத்துவது நல்லதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2018ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய புரளியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு வயதான பெண்மணியை அடித்தே கொன்றார்கள். அது நடந்தது உண்மை.

அதற்கு என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாமல் மாற்றியது. யாருடைய வாயையும் கட்டாமல் வேகத்தை மட்டும் குறைத்தது. போலீஸ் ஊர் ஊராக ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னதும் உதவியது. வதந்திக்கு மருந்து சரியான செய்தி வேகமாக வருவது. நெட்டை அணைத்தால் வதந்தி வாய்வழியாகப் போகும், மறுப்பு மட்டும் போகாது.

மணிப்பூரில் 2023 மே 3 அன்று வன்முறை தொடங்கியதும் இணையத்தை நிறுத்தினார்கள். மே 4 அன்று இரண்டு பெண்களை நிர்வாணமாக்கி ஊர்வலம் விட்ட கொடுமையின் வீடியோ வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஜூலை 19ல். இரண்டரை மாதம். இணையம் இல்லாததால் கொடுமை நிற்கவில்லை, செய்திதான் நின்றது.

நிறுத்துவதால் பலன் உண்டா என்று அரசிடமே கணக்கு இல்லை. தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் தந்த அறிக்கையில், எங்கே எத்தனை முறை நிறுத்தினோம் என்ற பதிவேடுகூட மத்திய அரசின் எந்தத் துறையிலும் இல்லை என்று குறை சொல்லியிருக்கிறது. குழந்தைகளைத் துன்புறுத்தும் படங்களைத் தடுப்பது வேறு விஷயம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

நெட் நின்றால் நம் மலையில் என்னென்ன நிற்கும்?

பேச்சுரிமை என்றதும் பத்திரிகைக்காரர் பிரச்சினை என்று நினைத்துக்கொள்கிறோம். பச்சை இலை பறித்துவிட்டால் அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போயாக வேண்டும், காத்திருக்காது. அதற்கான காசும் லாரி வாடகையும் இப்போது ஜிபேயில் ஓடுகின்றன. குன்னூர் தேயிலை ஏலம் மின்னணு முறையில் நடக்கிறது. கேரட் ஏற்றுபவர் மேட்டுப்பாளையம் மண்டி விலையை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுத்தான் லோடு அனுப்புகிறார். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும், அதுவும் இணையத்தில்தான். நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை என்றாலும், லாட்ஜும் டாக்ஸியும் பிழைப்பது வெளியூர் வண்டியை நம்பி. நிலச்சரிவு அபாயமும் பள்ளி விடுமுறையும் முதலில் தெரிவது குரூப்பில்தான்.

2020 ஜனவரி 10ல், காஷ்மீர் தடையை எதிர்த்து வந்த அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. இணையம் வழியாகப் பேசுவதும் இணையம் வழியாகத் தொழில் செய்வதும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவின் பாதுகாப்பில் வரும், கால வரம்பில்லாமல் நிறுத்தக்கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும். கடைசியில் சொன்னதுதான் மாநில அரசுகளுக்குக் கசக்கிறது. தீர்ப்பு வந்த பிறகும் பல இடங்களில் உத்தரவு வெளியே வருவதில்லை. வெளியே வராத உத்தரவை எந்த நீதிமன்றத்தில் காட்டி வழக்குப் போடுவீர்கள்?

எதையும் தடுக்காமலே மக்கள் பேசாமல் இருக்க வைக்க முடியுமா?

முடியும், அதுதான் மலிவு. ஒருவரைக் கைது செய்தால் ஆயிரம் பேர் தாங்களாகவே பதிவை அழிப்பார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அப்படித்தான் வேலை செய்தது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினால்கூட மூன்றாண்டு வரை சிறை. 2012ல் ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரித் தொழிலதிபர் ஒருவர் கைதானார். அதே ஆண்டு, சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் மூடப்பட வேண்டும் என்று கேட்ட பெண்ணும், அதை லைக் செய்த தோழியும் பால்கரில் கைதானார்கள். 2015 மார்ச் 24ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தது என்று தெரிந்து 2021ல் நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். செத்த சட்டம்கூட ஸ்டேஷனில் உயிரோடுதான் இருந்தது.

எந்தக் கட்சி ஆட்சி என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றிக் கார்ட்டூன் போட்டதற்காக 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தது அன்றைய மாநில அரசின் போலீஸ். 66ஏ இல்லாவிட்டால் என்ன, அதே சட்டத்தில் ஆபாசத்துக்கான 67 இருக்கிறதே.

நம் பக்கம் இதன் வடிவம் சின்னது. எஸ்டேட்டில் கூலி பாக்கி, ரோடு போட்டதில் ஊழல் என்று குரூப்பில் யாராவது எழுதினால், பத்து நிமிடத்தில் இன்னொருவர் தனியாகப் போன் செய்து "அண்ணா, எதுக்கு வம்பு, அழிச்சிடுங்க" என்பார். மிரட்டல் யாரிடமிருந்தும் வரவில்லை. மெசேஜ் மட்டும் போய்விட்டது.

குரூப்பில் வேறொருவர் போட்டதற்கு அட்மின் மேல் வழக்கு வருமா?

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக நிற்காது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் இப்படிச் சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 2022ல் அதையே சொன்னது. அட்மினும் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு.

டிக்டாக் எப்படிப் போனது?

இரண்டு முறை. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை தரவிறக்கத்துக்குத் தடை போட்டு, அதே மாதம் விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29ல் மத்திய அரசு 69ஏ பிரிவின் கீழ் 59 சீனச் செயலிகளைத் தடுத்தபோது போனது, திரும்பவில்லை. பாதுகாப்புக் காரணம் சரியோ தவறோ, கொழுந்து பறித்துக்கொண்டே பாட்டுப் பாடிப் போட்ட எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருந்த ஒரே மேடையும் அதோடு சேர்ந்து போனது.

மலையில் இருப்பவன் கத்தினால் யாருக்குக் கேட்கப்போகிறது?

கொடைக்கானலைப் பாருங்கள். அங்கே ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001ல் மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் நோயோடு நிவாரணம் கேட்டுப் பல ஆண்டு போராடினார்கள். 2015ல் சென்னைப் பாடகி ஒருவர் அதைப் பற்றி ஒரு ராப் பாடலை யூடியூபில் போட்டார். சில நாளில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், தாய் நிறுவனமான யூனிலிவரின் தலைமை அதிகாரியே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரச உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளர்களின் நீண்ட போராட்டமும் வழக்கும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் மலைக்குக் கீழே அந்தச் சத்தத்தைக் கொண்டுபோனது இணையம். அந்த ஒரு வாரத்தில் அந்தப் பாட்டைத் திறந்தால் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வி.பி.என். போட்டால் தப்பா?

பொதுவாக வி.பி.என். பயன்படுத்துவதை இந்தியாவில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. காஷ்மீரில் சில மாவட்டங்களில் மட்டும் அவ்வப்போது தடை போட்டிருக்கிறார்கள். 2022ல், வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் சொன்னதும், பெரிய நிறுவனங்கள் சில தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன.

தளத்தை மட்டும் தடுத்திருந்தால் வி.பி.என். உதவும். டேட்டாவையே அணைத்துவிட்டால் எதுவும் உதவாது. இலவச வி.பி.என். எதையும் வங்கிக் கணக்கு உள்ள போனில் போடாதீர்கள். அரசு பார்க்காமல் இருக்க, முகம் தெரியாத ஒருவனிடம் எல்லாவற்றையும் கொடுப்பதாக ஆகிவிடும். செயற்கைக்கோள் நெட் வந்தால் கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கும் உரிமம் டெல்லியில்தான் வாங்க வேண்டும்.

நேபாளத்தில் தடை போட்டதால் அரசே கவிழ்ந்ததாமே?

2025 செப்டம்பர் 4ல் பதிவு செய்யவில்லை என்று 26 சமூக ஊடகங்களை மூடினார்கள். 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் அன்று ஒரே நாளில் 19 பேர் இறந்தார்கள். தடையை விலக்கியும் நிற்கவில்லை, மறுநாள் பிரதமர் ஒலி விலகினார். ஊழல் மேல் இருந்த கோபம்தான் அடிப்படை. தடை அதற்குத் தீக்குச்சி.

என் பக்கமோ வீடியோவோ முடக்கப்பட்டால் யாரிடம் போவது?

முதலில் திரையைப் படம் பிடித்து வையுங்கள். தேதியும் நேரமும் எந்த நிறுவனத்தின் நெட் என்பதும் அதில் தெரிய வேண்டும். வேறு இரண்டு சிம்மில் சோதித்து அதையும் பதிவு செய்யுங்கள். யூடியூபோ ஃபேஸ்புக்கோ நீக்கியிருந்தால், தங்கள் விதிப்படி நீக்கியதா, அரசு சொல்லி நீக்கியதா என்று எழுதிக் கேளுங்கள். பல சமயம் மின்னஞ்சலில் "சட்டப்பூர்வக் கோரிக்கை" என்று ஒரு வரி வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவின் நகல் கேட்டு எழுதுங்கள். செய்தித் தளம் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு. மாவட்டம் முழுக்க நெட் நின்றிருந்தால் மாநில உள்துறைக்கு. கிடைக்காது என்று தெரிந்தாலும் எழுதுங்கள். கேட்டதற்கான அத்தாட்சி இருந்தால் வழக்கறிஞருக்கு வேலை சுலபம்.

அதற்குப் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம். நீலகிரிக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும், கொடைக்கானல்காரர்கள் மதுரைக் கிளைக்கு. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மனுவை வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், அதற்கு நெட் தேவையில்லை.